எந்த முள்ளைப் பார்த்து ஓட்டுவது?

2010 மார்ச் மாதம், அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் ஓடுதளத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பந்தய டிரக்கில் ஏறி உட்கார்ந்தார். அவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்கு வண்டி ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குள் நுழைந்த முதல் இந்தியர் என்று பெயர் வாங்கியவர். இப்போது அமெரிக்காவின் நாஸ்கார் பந்தய அமைப்பின் டிரக் தொடரில் களமிறங்கியிருந்தார். ஃபார்முலா வண்டியிலிருந்து கனத்த டிரக்குக்கு மாறுவது லேசான காரியமில்லை. ஆனாலும் முதல் பந்தயத்திலேயே 13-ஆம் இடம் பிடித்தார். அந்த ஆண்டு, டிரக் தொடரில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது.

அந்த டிரக்கில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. எந்த நாஸ்கார் வண்டியிலும் இல்லை. கண் முன்னால் பெரிதாக இருப்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர். பக்கத்தில் ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, தண்ணீர்ச் சூடு, பெட்ரோல் அழுத்தம், பேட்டரி வோல்ட். வேகத்துக்காகவே பிறந்த வண்டியில் வேகத்தைக் காட்ட மட்டும் ஒரு முள் இல்லை!

கிரீடம் வைத்த ராஜாவுக்கு அரண்மனை இல்லாததுபோல் தோன்றலாம். காரணங்களைப் பார்த்தால் அத்தனையும் பச்சையான நடைமுறை. காஞ்சிபுரத்து ஓரிக்கையிலிருந்து விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள், காஞ்சிபுரத்தில் பட்டுக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவர்கள், சென்னை அலுவலகத்தில் மாதக் கடைசி டார்கெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் என எல்லோருக்கும் இதில் வேலைக்கு ஆகும் சங்கதி இருக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கையும் காலும் எதை மாற்ற முடியுமோ, அதைக் காட்டும் முள்தான் உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும். மிச்சத்தை வெளியே நின்று கணக்கெடுக்கிறவர்களிடம் விட்டுவிடலாம்.

வேகம் ஏன் வேண்டாம்?

நாஸ்கார் நடத்துவது ஸ்டாக் கார் பந்தயம். ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் விற்கும் அதே கார் என்று அர்த்தம். 1948-ல் நாஸ்கார் அமைப்பு உருவாகி, 1949 ஜூனில் சார்லட் நகரில் முதல் ஸ்டாக் கார் பந்தயத்தை நடத்தியபோது அப்படித்தான் இருந்தது. கடையில் வாங்கிய காரையே கொண்டுவந்து ஓட்டினார்கள். அவற்றில் ஸ்பீடோமீட்டரும் இருந்தது. பிறகு படிப்படியாக உள்ளே இருந்ததெல்லாம் கழன்றது. இன்று பெயர் மட்டும்தான் ஸ்டாக். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, ஒற்றை இருக்கை, பந்தயத்துக்கென்றே செய்த எஞ்சின். தேவைப்படாததை வண்டியில் சுமக்க யாருக்கும் மனம் வராது. ஸ்பீடோமீட்டர் ஏன் தேவைப்படாத பட்டியலில் சேர்ந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 8 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்படி கியர் அமைந்திருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் சக்கரம் 500 சுற்று. நிமிடத்துக்கு 1,000 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். அடுத்த வாரம் வேறு ஊர், வேறு ஓடுதளம். மெக்கானிக் பின் அச்சின் பல்சக்கரத்தை மாற்றி, 8-ஐ 7.5 ஆக்குகிறார். அதே 4,000 சுற்றில் வண்டி இப்போது 64 கிலோமீட்டரில் போகிறது. நாஸ்கார் அணிகள் ஓடுதளத்துக்கு ஓடுதளம் இப்படி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். சக்கரச் சுழற்சியை எண்ணி வேகம் காட்டும் கருவியிலும் சிக்கல்தான். வட்டமான ஓடுதளத்தில் வண்டி எந்நேரமும் இடப்பக்கமே திரும்புவதால், வலப்பக்க டயரின் சுற்றளவை இடப்பக்கத்தைவிடக் கூட்டி வைக்கும் வழக்கம் உண்டு. எந்தச் சக்கரத்தைக் கேட்பது? டயர் சூடேறி உப்பினால் கணக்கு மாறும். வழுக்கிச் சுழன்றால் கணக்கு பொய்யாகும். ஒவ்வொரு ஊரிலும் புதிதாகத் திருத்தம் செய்தால்தான் அந்த முள் உண்மை பேசும்.

அவ்வளவு பாடுபட்டுத் திருத்தினாலும் அந்த எண்ணை வைத்து ஓட்டுநர் என்ன செய்வார்? இதுதான் முக்கியமான கேள்வி. வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி 201-ல் போகிறதா 204-ல் போகிறதா என்று தெரிவதால் அவர் காலில் எதுவும் மாறாது. முன்னால் போகிற வண்டியை எட்டுகிறோமா, பின்னால் வருகிறவர் நெருங்குகிறாரா, டயர் பிடிக்கிறதா, பின்பக்கம் வெட்டுகிறதா என்பதெல்லாம்தான் காலை நகர்த்தும் செய்திகள். அதில் பாதி ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் உடம்புக்கே தெரியும். ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி ஆனது என்பதை வெளியே கடிகாரம் வைத்திருப்பவர் ரேடியோவில் சொல்வார். வேகம் அந்த நொடிக்குள்ளேயே அடக்கம்.

ஆர்.பி.எம். முள் வேறு மாதிரி. அது ஏறினால் கியர் மாற்ற வேண்டும், இறங்கினால் எஞ்சின் மூச்சு வாங்குகிறது, எல்லை தாண்டினால் எஞ்சினே போய்விடும். பார்த்த மறுநொடியில் கை செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஆயில் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் அப்படியே.

கண்ணுக்கும் நேரமில்லை. 1987-ல் டல்லாடெகா ஓடுதளத்தில் தகுதிச் சுற்றில் பில் எலியட் ஓட்டிய வேகம் மணிக்கு 342 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நொடிக்கு 95 மீட்டர். அரை நொடி பலகையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் வண்டி 47 மீட்டர் தாண்டியிருக்கும். அதனால் பந்தயக்காரர்கள் நெடுங்காலமாக ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். மீட்டர்களை நேராகப் பொருத்தாமல் திருகிப் பொருத்துவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் எல்லா முள்ளும் ஒரே திசையில், பெரும்பாலும் நேர் மேலே, நிற்கும்படி. எண்ணை வாசிக்கவே வேண்டாம். ஒரு முள் சாய்ந்திருந்தால் கடைக்கண்ணுக்கே தெரிந்துவிடும். பல கம்பெனிகளில் பெரிய திரையில் பத்து வண்ணத்தில் எண்களை ஓட விட்டு டாஷ்போர்டு என்கிறார்கள். அதை வடிவமைப்பவர்கள் ஒருமுறை இந்தப் பழைய பலகைகளின் படத்தைப் பார்த்தால் நல்லது.

வேகம் முக்கியமாகும் ஒரே இடம்

முழுப் பந்தயத்திலும் வேகத்துக்கு எண்ணால் எல்லை கட்டிய இடம் ஒன்றே: பிட் சாலை. டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் வண்டிகள் உள்ளே வரும் பாதை. அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். 1990 நவம்பரில் அட்லாண்டா பந்தயத்தில், டயர் மாற்றிக்கொண்டிருந்த மைக் ரிச் என்ற ஊழியர்மீது வழுக்கி வந்த வண்டி மோதி அவர் இறந்தார். அடுத்த ஆண்டே நாஸ்கார் பிட் சாலைக்கு வேக வரம்பு கொண்டுவந்தது. மார்ட்டின்ஸ்வில் போன்ற குட்டித் தளத்தில் மணிக்கு 30 மைல், சுமார் 48 கிலோமீட்டர். பெரிய தளங்களில் 55 மைல் வரை.

ஃபார்முலா ஒன் வண்டியில் இதற்கு ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் வண்டி தானே வரம்புக்குள் ஓடும். நரேன் அதில் பழகியவர். நாஸ்காரில் அந்தப் பொத்தானும் இல்லை, ஸ்பீடோமீட்டரும் இல்லை. பிறகு வரம்பை எப்படிக் காப்பது?

முன்கூட்டியே. பந்தயம் தொடங்கும் முன் எல்லா வண்டிகளும் வழிகாட்டி வண்டியின் பின்னால் மெதுவாகச் சுற்றி வரும். அந்தச் சுற்றில் வழிகாட்டி வண்டி பிட் சாலை வேகத்திலேயே ஓடும். ஓட்டுநர் இன்ன கியரில் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார். அணியின் தலைவர் கணக்குப் போட்டுக் கொடுத்த எண்ணோடு ஒத்துப்பார்ப்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருக்கு ‘48 கிலோமீட்டர்’ என்ற எண்ணே தேவையில்லை. ‘இரண்டாம் கியர், முள் இந்த இடம்’ என்பது போதும். 2016-ல் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் டிஜிட்டல் பலகை கட்டாயமான பிறகும் இதே முறைதான்; சுற்று எண்ணிக்கை வரம்பை நெருங்கும்போது எரியும் விளக்குகளும் துணைக்கு உண்டு.

இதில் துல்லியம் எவ்வளவு என்று பாருங்கள். பிட் சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, தரையில் பதித்த கோடுகளுக்கு இடையில் வண்டி எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகம் கணக்கிடுகிறார்கள். வரம்புக்கு மேல் 5 மைல் வரை மன்னிப்பு. 2009 ஜூலையில் இண்டியானாபொலிஸில் நடந்த 160 சுற்றுப் பந்தயத்தில் ஹுவான் பாப்லோ மொன்டோயா 116 சுற்று முன்னணியில் இருந்தார். அங்கே வரம்பு 55; சலுகையோடு 60. அவர் ஒரு துண்டில் 60.06, இன்னொன்றில் 60.11. தண்டனையாக இன்னொரு முறை பிட் சாலை வழியே போய் வரச் சொன்னார்கள். 11-ஆம் இடத்தில் முடித்தார். ஜிம்மி ஜான்சன் ஜெயித்தார். 0.06 மைல் என்பது மணிக்குப் பத்தில் ஒரு கிலோமீட்டர். நம் சாலை வண்டிகளின் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி செய்யப்பட்டது. குறைத்துக் காட்டக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. அப்படிப்பட்ட கருவியை நம்பி இந்தச் சண்டையில் இறங்க முடியாது.

தறியில் எது முள்?

காஞ்சிபுரத்தின் நெசவுப் பகுதிகளான ஓரிக்கைக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சேலைக்கு இவ்வளவு கூலி என்றுதான் நெசவாளருக்குக் கணக்கு. ஆக, ஒரு சேலைக்கு எத்தனை நாள் என்பதுதான் வீட்டுக்கு வந்து சேரும் எண். தறிக்குழியில் உட்கார்ந்தவர் அந்த எண்ணைப் பார்த்து நெய்வதில்லை. அவர் பார்ப்பது ஊடை, அதாவது குறுக்கு நூல். அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழுகிறது, அச்சுப்பலகை ஒரே சீராக அடிக்கிறதா, கோர்வை போடும் இடத்தில் உடல் நிறமும் கரை நிறமும் கை கோர்க்கும்போது இழுப்பு ஒரே அளவில் இருக்கிறதா, சரிகை முறுக்கிக்கொள்ளாமல் வருகிறதா. கோர்வைக்குத் துணைக்கு உட்கார்ந்த ஆளின் கை ஒரு நூல் தளர்ந்தாலும் கரை சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாள் கணக்கை மட்டும் கண்ணில் வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? ஊடையைத் தளர்த்தி அடித்தால் நீளம் சீக்கிரம் வரும். படமரத்தில் துணி மளமளவென்று சுற்றும். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டையும் சரிகையையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள், சேலையை எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். எடை குறைந்தால் கேள்வி. துணி தளர்ந்தால் கூலியில் வெட்டு. காஞ்சிபுரம் பட்டு என்று 2005-லிருந்து புவிசார் குறியீட்டைச் சுமக்கும் சரக்கு இது. நாள் கணக்கு என்பது ஊடையின் விளைவு. ஊடையைச் சரியாகப் பார்த்தால் நாள் கணக்கு தானாக நிற்கும்; நாளைப் பார்த்து ஊடையை விட்டால் இரண்டும் போகும்.

இந்த நெசவு வீடுகளிலிருந்து அடுத்த தலைமுறை பெருமளவில் ஆலைகளுக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டா என்பது வேறு கட்டுரை. போகிறவர்கள் தறியிடமிருந்து இந்த ஒரு பழக்கத்தைக் கையோடு எடுத்துப் போனால் போதும்.

அதே ஓரிக்கையில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை இருக்கிறது. அங்கே வண்டி எடுக்கிற ஓட்டுநருக்கும் தெரியும் கதை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவர் தலைக்கு மேல் எப்போதும் ஒரு எண் தொங்கும். அது சீட்டில் உட்கார்ந்தபடி மாற்றக்கூடிய எண் கிடையாது. மாற்றக்கூடியது கியர், ஆக்ஸிலேட்டர், பிரேக். பஸ், லாரிகளின் ஆர்.பி.எம். மீட்டரில் ஒரு பச்சைப் பட்டை போட்டிருப்பார்கள். முள் அந்தப் பட்டைக்குள் இருந்தால் டீசல் குறைவாகக் குடிக்கும். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டால் பிரேக்கில் வீணாவது மிச்சம். லிட்டர் கணக்கு டிப்போவின் எண், பச்சைப் பட்டை ஓட்டுநரின் எண்.

உங்கள் பலகையில் என்ன இருக்கிறது?

இனி உங்கள் வேலை. ஒரு தாளை எடுத்து, உங்கள்மீது கம்பெனி வைத்திருக்கும் எண்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே கேள்வி: இந்த எண் இன்று மதியம் கெட்டுப்போனால், இன்று சாயங்காலத்துக்குள் என் கை என்ன செய்யும்? பதில் இருந்தால் அது ஆர்.பி.எம். பதில் இல்லையென்றால் ஸ்பீடோமீட்டர். பெரும்பாலும் ஸ்பீடோமீட்டர்தான் நிறைய வரும். பயப்பட வேண்டாம்.

பட்டுக் கடை விற்பனையாளருக்கு மாத விற்பனை இத்தனை லட்சம் என்பது ஸ்பீடோமீட்டர். கல்யாணச் சேலை பார்க்க வந்த குடும்பத்திடம் முதலில் பட்ஜெட்டைக் கேட்டாரா, முகூர்த்தப் பட்டை எடுத்தவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வைத்துக்கொடுக்கும் சேலைகளையும் காட்டினாரா, வாங்காமல் எழுந்தவரிடம் காரணம் கேட்டு எழுதிவைத்தாரா, இவை ஆர்.பி.எம். ஆலையில் அசெம்பிளி லைனில் நிற்கிறவருக்கு, இன்றைக்கு இத்தனை வண்டி என்று மேலே பலகையில் ஒளிரும் எண் ஸ்பீடோமீட்டர். தன் ஸ்டேஷனில் ஒதுக்கிய நொடிகளுக்குள் வேலை முடிகிறதா, போல்ட்டை முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் சரியான இடத்தில் கிளிக் கொடுக்கிறதா, பாகம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இவை அவருடைய முட்கள். டொயோட்டா வழியில் வந்த ஆலைகளில் தொழிலாளியே லைனை நிறுத்தக் கயிறோ பொத்தானோ கொடுத்திருப்பதன் காரணமும் இதுதான். முள் சாய்வதை முதலில் பார்ப்பது அங்கே நிற்கிறவர்.

வெளியே நிற்க வேண்டிய எண்ணை வண்டிக்குள் கொண்டுவந்து ஓட்டுநரின் மூக்குக்கு நேராக மாட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பாடம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு, கார்டு, கடன் விற்க வேண்டும் என்று கிளை ஊழியர்களை நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கீழ்மட்டத்தில் முள்ளைத் துரத்தியவர்கள் என்பதைக் கவனியுங்கள். டார்கெட்டை எட்டச் சொன்னது மேலே, மாட்டிக்கொண்டது கீழே. நம் ஊரில் காப்பீடு, கடன், மொபைல் சிம் விற்கும் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

டார்கெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தயத்திலும் நேரம் குறிப்பவர் உண்டு, இடம் பார்ப்பவர் உண்டு, வேகத்தைக் கணக்கிட்டுத் தொலைக்காட்சியில் காட்டுபவரும் உண்டு. அவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். உங்கள் மேலாளர் உங்கள் நேரக் குறிப்பாளர். அவரிடமிருந்து எண்ணை வாங்கி, அதை உங்கள் முள்ளாக மாற்றிக் கொடுக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. எப்படிக் கேட்பது? சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். இப்படிக் கேட்கலாம்:

“சார், இந்த மாசம் பன்னிரண்டு லட்சம்னு சொல்லியிருக்கீங்க, சரி. அதுக்கு நான் தினமும் எதைச் சரியாச் செஞ்சா போதும்னு நீங்க நினைக்கிறீங்க? ரெண்டு விஷயம் சொல்லுங்க. அதை நான் டெய்லி எழுதி உங்களுக்குக் காட்டறேன்.”

நல்ல மேலாளர் யோசித்து இரண்டு விஷயம் சொல்வார். அந்த இரண்டையும் நோட்டில் எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் மதிப்பீட்டுக்கு உட்காரும்போது, சந்தை விழுந்து லட்சக் கணக்கு குறைந்திருந்தாலும் உங்கள் கையில் பேச ஒரு ஆதாரம் இருக்கும். “எனக்கு அதெல்லாம் தெரியாது, நம்பர் வேணும்” என்று சொல்லும் மேலாளரும் உண்டு. அவரிடமும் ஒரு தகவல் கிடைத்துவிட்டது: அவருக்கும் தெரியாது. அப்போது அந்த வேலையில் மூத்தவர் யாரையாவது, அண்ணன் என்றோ அக்கா என்றோ கூப்பிடும் தூரத்தில் இருப்பவரை, டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். எந்த முள் முதலில் சாயும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்களே மேற்பார்வையாளர் என்றால், உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் உங்கள் மேலதிகாரி சொன்ன எண்ணை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். மார்ட்டின்ஸ்வில்லில் அணித் தலைவர் ‘48 கிலோமீட்டரில் வா’ என்று ரேடியோவில் சொன்னால் ஓட்டுநருக்குப் பயனில்லை. கியரும் சுற்றும் சொல்கிறார். அந்தக் கணக்கைப் போடுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம் கூட.

வேலையிலும் பிட் சாலை உண்டு

தாண்டவே கூடாத வரம்புகள் சில எந்த வேலையிலும் இருக்கின்றன. வாரத்துக்கு 48 மணி நேர வேலை, அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்பது ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த வரம்பு. மாதக் கடைசியில் ‘எவ்வளவு ஓவர்டைம் ஆச்சு?’ என்று யோசித்தால் நினைவு கைகொடுக்காது. வழிகாட்டி வண்டியின் பின்னால் ஓட்டிப் பார்ப்பதுபோல் முன்கூட்டியே மாற்றிவையுங்கள். திங்கள் முதல் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் வியாழன் இரவு 32. உங்கள் குறிப்பேடு வியாழன் இரவு 38 காட்டினால், அந்த ஆறு மணி நேரமும் சம்பளச் சீட்டில் வருமா என்று வெள்ளிக்கிழமையே கேட்டுவிடலாம்.

கடன் தவணையும் அப்படி. சம்பளத்தில் இவ்வளவுக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று மனதில் ஒரு வரம்பு வைப்பது எளிது, மூன்றாவது தவணை சேரும்போது அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வரம்பைத் தேதியாக மாற்றுங்கள். சம்பளம் வந்த அன்றே தவணைகள் கழிந்து, மிச்சப் பணம் 20-ஆம் தேதி வரை தாங்குகிறதா? 12-ஆம் தேதியே கணக்கு காலியென்றால் முள் சிவப்பில் இருக்கிறது.

பாதுகாப்பு வரம்புகளில் மட்டும் எந்த மாற்றுக் கணக்கும் வேண்டாம். இயந்திரத்தில் கை விடும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்றால் போட வேண்டும். 5 மைல் மன்னிப்பு அங்கே கிடையாது.

பந்தயத்திலேயே வேலை வேண்டுமா?

வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு, ஓரிக்கைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். சென்னை போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது, 1990-லிருந்து இயங்குகிறது, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயம். தேசிய சாம்பியன்ஷிப் நடக்கும் நாட்களில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பணம் ஏராளம் தேவை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு வண்டி ஓட மெக்கானிக், டயர்க்காரர், தகவல் பதிவைப் படித்துச் சொல்லும் பொறியாளர், கொடி காட்டும் மார்ஷல் என்று பலர் வேண்டும். மார்ஷல் வேலையில் காசு பெரிதாக வராது. பாடம் வரும். பொறியியல் கல்லூரியில் இருப்பவர்கள், கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு உங்கள் கல்லூரி வண்டி செய்கிறதா என்று விசாரியுங்கள். செய்தால் அணியில் சேருங்கள். வேலை நேர்காணலில் அந்த ஒரு வண்டியைப் பற்றி அரை மணி நேரம் பேச முடிந்தவர்களை யாரும் சும்மா அனுப்புவதில்லை.

கடைசியாக, பைக்கில் ஷிப்டுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ‘பந்தயக்காரனுக்கே ஸ்பீடோமீட்டர் தேவையில்லையாம்’ என்று இந்தக் கட்டுரையைக் காட்டிப் போலீஸ்காரரிடம் வாதாடாதீர்கள். பந்தயத் தளத்தில் எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது, ஓடுதளத்துக்கு வேக வரம்பும் இல்லை. சாலையில் வரம்பு எல்லா இடத்திலும் உண்டு. அது கிலோமீட்டரில்தான் எழுதியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-ஆம் விதி ஸ்பீடோமீட்டரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் வண்டியில் அந்தக் கேபிள் அறுந்து முள் பூஜ்ஜியத்திலேயே படுத்திருந்தால், இந்த வார விடுமுறையில் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.